பனி விலகும் மாசி: உங்கள் வீட்டில் முதலில் மாறியது எது?

பாமணிக்கரை | மாசி 2, காலை 7.20

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றங்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இப்போது 81 வயது. அம்மா மறைந்தபின் அவரைத் தனியே விட மனமில்லாமல், நானும் கணவரும் மகளும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கேயே வந்துவிட்டோம். மார்கழியும் தையும் அவருக்குக் கடினமான மாதங்கள். மூச்சிரைப்பு இருப்பதால் விடியற்காலையில் கூடத்தை ஒட்டிய உள்ளறையை விட்டு வெளியே வரமாட்டார். வெயில் ஏறி, ரேழியின் தரை காய்ந்த பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்கு வந்து அமர்வார். அவர் திண்ணைக்கு வரும் நேரத்தை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் போன ஆண்டு ஏற்பட்டது. மருத்துவரிடம் சொல்ல உதவும் என்று தொடங்கியதுதான். தை 10 அன்று 9.05 என்று இருக்கிறது. தை 25 அன்று 8.30. நேற்று 8.10.

அந்த நேரத்தை எழுதத் தொடங்கிய பிறகு மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. கொல்லைக் கேணியில் விடியற்காலையில் இறைக்கும் தண்ணீர் மார்கழியில் வெதுவெதுப்பாக இருந்தது. முகத்தில் விட்டுக்கொண்டால் இதமாக இருக்கும். இப்போது அந்த வெதுவெதுப்பு தெரியவில்லை. தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, காற்றுதான் மாறியிருக்கிறது. சமையலறைப் பிறையில் இருக்கும் தேங்காயெண்ணெய் இருபது நாள்களுக்கு முன்வரை வெண்ணெய்போல் உறைந்து கிடந்தது. மகளுக்குத் தலைவார, புட்டியை அடுப்போரம் வைத்து உருக்கவேண்டியிருந்தது. இன்று காலை புட்டியின் அடியில் மட்டும் விரல் பருமனுக்கு வெள்ளை நிற்கிறது. கொல்லை வேம்பு நேற்று முழுவதும் உதிர்ந்துகொண்டே இருந்தது. பெருக்கி முடித்துத் திரும்புவதற்குள் மீண்டும் மஞ்சள் விரித்துவிடுகிறது.

நம் ஊரில் பனிக்காலம் முடிந்துவிட்டது என்று யாரும் அறிவிப்பதில்லை. பின்பனி என்று மாசி, பங்குனி இரண்டு மாதங்களுக்கும் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வாசல் வழியாக வெளியேறுகிறது என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் முதலில் மாறியது எது? எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எழுதுங்கள். முடிந்தால் நாளும் நேரமும் குறிப்பிடுங்கள்.

நாலாம்மாடி | மாசி 2, இரவு 9.45

அக்கா, உங்கள் பதிவைப் படித்தபோது ஏக்கமாக இருந்தது. நாங்கள் சென்னையில் ஓர் அடுக்ககத்தின் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். கேணி இல்லை, திண்ணை இல்லை, எங்களுக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு மரமும் இல்லை. காலையில் ஏழரைக்குள் பிள்ளையைப் பள்ளி வண்டியில் ஏற்றவேண்டும். பிறகு எங்கள் இருவருக்கும் அலுவலகம். மின்விசிறியை மூன்றில் வைக்கிறோமா ஐந்தில் வைக்கிறோமா என்பதைத் தவிர, எங்களுக்குப் பருவம் மாறுவது தெரிவதே இல்லை. எங்களைப் போன்றவர்கள் எதைக் கவனிக்கமுடியும் என்று யாராவது சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். இதை உண்மையாகவே கேட்கிறேன்.

பழைய ஆசிரியர் | மாசி 3, காலை 5.50

நாலாம்மாடி அம்மாவுக்கு: உங்கள் வீட்டில் கிழக்கு நோக்கிய சன்னல் ஒன்று இருக்கிறதா? இருந்தால் நீங்கள் மரத்துக்காக ஏங்கவேண்டியதில்லை, சூரியனே வீட்டுக்குள் வந்து கணக்குச் சொல்லும். முப்பத்துமூன்று ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மார்கழியில் தென்கிழக்கில் உதித்த சூரியன் இப்போது நாள்தோறும் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது; பங்குனி 7ஐ ஒட்டி நேர்கிழக்கில் உதிக்கும். ஆகவே கிழக்குச் சன்னல் வழியே வரும் ஒளி, எதிர்ச்சுவரில் ஒவ்வொரு நாளும் சிறிது தெற்கே தள்ளி விழும். காலை ஏழு மணிக்கு அந்த ஒளிக்கட்டத்தின் ஓரத்தைப் பிள்ளையின் பென்சிலால் குறித்து, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். சன்னலுக்கும் சுவருக்கும் பத்தடி இருந்தால், பத்து நாளில் ஏறத்தாழ ஒரு சாண் நகர்ந்திருக்கும். சென்னையில் சனவரிக் கடைசியில் 6.36 வரை தள்ளிப்போகும் சூரிய உதயம், மார்ச் நடுவில் 6.15 அளவுக்கு வந்துவிடுகிறது. இந்த இருபது நிமிட வெளிச்சம் எல்லா வீட்டுக்கும் பொது.

பாமணிக்கரை அம்மாவுக்கு ஒரு செய்தி. பனி வானத்திலிருந்து விழுவதாகச் சொல்கிறோம். உண்மையில் அது பொருள்களின்மேல் படிகிறது. மேகமில்லாத இரவில் நிலமும் இலையும் ஓடும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிட்டுக் குளிர்கின்றன. அவற்றைத் தொடும் ஈரக்காற்று நீராகிறது. வடகிழக்குப் பருவமழை நிலத்தை நனைத்துவிட்டுப் போய், வானமும் தெளிந்து, காற்றும் அடங்கியிருக்கும் தையிலும் மாசியிலும் பனி மிகுதியாக இருப்பதற்கு இதுவே காரணம். இரவில் மேகம் போர்த்தால் மறுநாள் காலை புல் நனைந்திருக்காது. மரத்தடிப் புல்லும் அப்படித்தான்: மேலே கிளை மூடியிருப்பதால் அது வானத்தைப் பார்ப்பதில்லை, ஆகவே குளிர்வதும் குறைவு. நாளை காலை வேப்பமரத்தடியில் ஒரு காலும் வெட்டவெளியில் ஒரு காலுமாக நின்று பாருங்கள்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எனவே தந்தையாரை இப்போதே விடியற்காலையில் வெளியே விட்டுவிடவேண்டாம்.

குந்தாமலை | மாசி 4, பிற்பகல் 2.15

இந்த இழையில் எல்லாரும் குளிர் போவதை மகிழ்ச்சியாக எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு, அதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நீலகிரியில் எங்களுக்கு ஓர் ஏக்கருக்குச் சற்று அதிகமான தேயிலைத் தோட்டம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனியாகத் தொடங்கி, மார்கழி, தையில் உறைபனியாக மாறிவிடும். தாழ்வான பகுதியில் இருக்கும் செடிகளின்மேல் விடியற்காலையில் உப்பு தூவினாற்போல் வெள்ளையாக இருக்கும். வெயில் பட்டதும் அந்த வெள்ளை நீங்கிவிடும். இரண்டு நாளில் இலை தீய்ந்த பழுப்பாகிவிடும். உதகைத் தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு போர்வை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைத் தோட்டம் முழுவதற்கும் அப்படிச் செய்ய யாரால் முடியும்? கருகிய செடியைக் கவாத்து செய்துவிட்டுக் கோடைமழைக்குக் காத்திருப்போம். ஆகவே வருமானம் என்று பார்த்தால் பனி போவது எங்களுக்கு நல்லதே.

ஆனால் வீட்டைப் பற்றித்தானே கேட்டீர்கள்? குளிர்காலத்தில் மாலை ஆறரை மணிக்கெல்லாம் நாங்கள் ஏழு பேரும் விறகடுப்பு எரியும் ஒரே அறையில் இருப்போம். பாட்டி அடுப்புக்கு நேரே, தாத்தா சுவரோரம், அண்ணன் பிள்ளைகள் இருவரும் ஒரே கம்பளிக்குள். உருளைக்கிழங்கைச் சாம்பலில் புதைத்துவைத்து, வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர வேலை. வேறு அறையில் உட்காரமுடியாத குளிர் என்பதால், மனத்தாங்கல் இருந்தாலும் அங்கேதான் உட்காரவேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வரப்புத் தகராறில் ஆறு மாதம் பேசாமல் இருந்து, ஒரு தை மாத இரவில் அந்த அடுப்பருகில்தான் பேசினார்கள். பேச்சு தொடங்கியது உப்பு எங்கே என்று கேட்டதில்.

மாசி பிறந்ததும் ஒருவர் வாசலுக்குப் போகிறார், ஒருவர் கைப்பேசியோடு மாடிக்குப் போகிறார். நேற்று மாலை அடுப்பருகில் பாட்டியும் நானும் மட்டுமே இருந்தோம். எங்கள் வீட்டில் முதலில் மாறியது அதுதான்.

பாமணிக்கரை | மாசி 5, காலை 8.40

குந்தாமலைத் தம்பி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உப்பு எங்கே என்று கேட்ட இடத்தில், மறுபடியும் படி என்றார். பிறகு, “ஒருத்தருக்குத் திறக்கிற கதவு இன்னொருத்தருக்குச் சாத்துகிற கதவாக இருக்கும்” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கோணத்தில் நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் குளிர்தான் அவரைத் தனி அறையில் அடைக்கிறது. பனி விலகுவதுதான் எங்களை ஓரிடத்தில் சேர்க்கிறது. திண்ணைக்கு அவர் வந்துவிட்டால் எதிர்வீட்டுப் பெரியப்பா வருவார், பால்காரர் சைக்கிளை நிறுத்துவார், மகள் வீட்டுப்பாடத்தை அங்கே கொண்டுபோவாள்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். மரத்தடிக் கால் உலர்ந்திருந்தது, வெளிக்கால் கணுக்கால்வரை நனைந்துவிட்டது. மகள் மூன்றுமுறை செய்துபார்த்தாள்.

அப்பா உங்கள் எல்லாரிடமும் சொல்லச் சொன்ன ஒன்று இருக்கிறது. எங்கள் தாளடி வயலில் அறுவடைக்குப் பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்து தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்தபின் தாளுக்கு இடையே அது தலைகாட்டும். அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரமும் மாசிப் பனியுமே அதற்கு உணவு. நேற்று மாலை அவரைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வயல்வரப்புவரை அழைத்துப்போனேன். நெல்தாள்கள் வைக்கோல் நிறத்தில் வரிசையாக நிற்க, அவற்றின் நடுவே மூன்று மூன்று இலையாகப் பச்சை. குனிய முடியாததால் கைத்தடியின் நுனியால் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார்.

வெண்ணாற்றங்கரை | மாசி 5, இரவு 8.05

பாமணிக்கரை அக்காவின் பதிவில் ஒன்றைச் சேர்க்கவேண்டும். படிப்பவர்கள் எல்லா வயலிலும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. இப்போது பெரும்பாலும் இயந்திர அறுவடைதான். முளைத்து வரும் உளுந்தின்மேல் இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் ஏறினால், போன தடமெல்லாம் நாசமாகிவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் பலர் அறுத்த பிறகு தனியாக விதைக்கிறார்கள், அல்லது உளுந்தை விட்டுவிட்டுப் பருத்திக்குப் போய்விட்டார்கள். கையால் அறுக்க ஆளும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. பனியும் மண்ணும் பழையபடியே இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

இருந்தாலும் இந்த ஆண்டு வீட்டை ஒட்டிய இருபது குழி நிலத்தில் மட்டும் நெல்லைக் கையால் அறுத்து, பழைய முறையில் உளுந்து தெளித்திருக்கிறேன். அம்மாவின் விருப்பம் அது. பங்குனியில் காய் முற்றியதும் செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டு, குச்சியால் தட்டி, முறத்தில் புடைத்து, அந்த உளுந்தில் முதல் இட்லி வார்த்தால்தான் அவருக்கு ஆண்டு நிறைவாகும்.

தகடூரான் | மாசி 9, காலை 6.30

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு மாசி என்றால் புளி. தையின் கடைசியில் மரத்தில் ஏறி உலுக்கத் தொடங்கினால், பங்குனிவரை வீட்டு வாசலில் புளி இருந்துகொண்டே இருக்கும். பனி இருக்கும்வரை ஓடு முழுமையாகக் காய்ந்திராது. உடைத்தால் பழத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். பனி குறைந்து, பகல் வெயில் உறைக்கத் தொடங்கியதும் ஓட்டுக்கும் பழத்துக்கும் இடையே ஓர் இடைவெளி விழும். பாட்டி ஒரு பழத்தை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். உள்ளே லொடலொடவென்று ஒலித்தால், நாளையிலிருந்து உடைக்கலாம் என்று சொல்வார். எங்கள் வீட்டில் பருவம் மாறியதை அறிவிப்பது அந்த ஒலிதான். இந்த ஆண்டு அது மாசி 7 அன்று கேட்டது.

நேற்று மாலை முதல் கூடை உடைத்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் சாக்கை விரித்து, விளக்கை வெளியே இழுத்து மாட்டி, நான், மனைவி, அம்மா, பாட்டி, தங்கை, பக்கத்து வீட்டு அத்தை என்று வட்டமாக உட்கார்ந்தோம். ஒருவர் ஓடு நீக்க, ஒருவர் நார் உரிக்க, ஒருவர் பழத்தைக் கல்மேல் நிறுத்திச் சிறு சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுக்க, வேலை கைமாறிக்கொண்டே போகும். பாட்டிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. நார் உரிப்பதில் இன்றும் அவரை யாராலும் மிஞ்சமுடியாது. காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில், மூன்று நரம்பும் முனையில் சேர்ந்தபடி, முழு நாரும் கையோடு வந்துவிடும். நான் இழுத்தால் பாதியில் அறுந்துவிடுகிறது. “அவசரப்பட்டா அறுந்துடும், அது வர்ற பக்கமா இழு” என்று நேற்றும் சொன்னார்.

புதுப்புளி இளஞ்சிவப்பும் பழுப்புமாக, பளபளப்பாக இருக்கும். கல்லுப்பைத் தூவி, பானையில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டிவைத்தால் ஓராண்டில் கறுத்துப் பழம்புளியாகிவிடும். கடையில் விலை என்னவோ ஏறி இறங்கும். கொட்டையோடு விற்றால் ஒரு விலை, எடுத்து விற்றால் ஒரு விலை. அந்தக் கணக்கை அம்மா பார்த்துக்கொள்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்த்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு மாசியிலும் ஊரில் இல்லை. அந்த ஒன்பது ஆண்டுப் புளியும் பொட்டலமாக வந்தது. அதற்குப் பின்னால் இத்தனை இரவுகள் இருந்தன என்பது எனக்கு அப்போது தெரியாது.

பனையடி | மாசி 11, மாலை 4.50

யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து வணக்கம். எங்களிடம் மாசிப்பனி மூசிப் பெய்யும் என்று சொல்லுவார்கள்; உங்கள் பழமொழியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாரி முடிந்து நிலம் இறுகத் தொடங்கும் இந்த நாள்களில்தான் பனங்கிழங்குப் பாத்தியைக் கிண்டுவோம். போன ஆண்டு பொறுக்கிய பனங்கொட்டைகளை மண்ணில் அடுக்கிப் போட்டது, இப்போது ஒரு முழ நீளத்துக்குக் கிழங்காக இறங்கியிருக்கும். இரண்டு பேர் மண்வெட்டியோடு நிற்க, சின்னப் பிள்ளைகள் கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் பூரான் என்ற வெண்பருப்பைத் தின்பதற்காகவே சுற்றிச் சுற்றி வருவார்கள்.

கிழங்கில் ஒரு பங்கை அவித்து, இரண்டாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் புழுக்கொடியல். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். பனி கூடினால் இரவில் எல்லாவற்றையும் உள்ளே எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். எனவே என் அம்மம்மா மாலையில் முற்றத்தில் நின்று, கையை விரித்து, புறங்கையைக் காற்றில் காட்டிப் பார்ப்பா. ஈரம் தெரிந்தால் எங்களைக் கூப்பிடுவா, நாங்கள் பாயோடு தூக்கி உள்ளே வைப்போம். இம்முறை மாசி 9 அன்று, இன்றைக்கு வெளியே கிடக்கட்டும் என்றா. பனி முடிந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் அதற்குமேல் ஓர் அத்தாட்சி தேவையில்லை.

வேலியில் முள்முருக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்திருக்கிறது. திருமணத்தில் கன்னிக்காலாக ஊன்றும் மரம் என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனி மரியாதை. போரில் இடம்பெயர்ந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, கதவு நிலைகளும் இல்லை. வேலியில் ஊன்றிய கதியால்கள் மட்டும் மரமாக வளர்ந்து பூத்து நின்றன என்று அம்மா சொல்லுவா. நாங்கள் திரும்பி வந்ததும் மாசியில்தான்.

நாலாம்மாடி | மாசி 13, இரவு 10.20

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. எங்கள் படுக்கையறையில் கிழக்குச் சன்னல் இருக்கிறது. மாசி 4 அன்று காலை ஏழு மணிக்கு மகன் முதல் கோட்டைப் போட்டான். அன்றைக்குச் சுவரைக் கறைப்படுத்துவதாகத் திட்டவந்த என் கணவர், இப்போது ஆறு ஐம்பதுக்கே பென்சிலை எடுத்துவைத்துக்கொண்டு நிற்கிறார். பத்துக் கோடுகள் ஆகிவிட்டன. முதல் கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் இடையே மகனுடைய சாண் அளவுக்குமேல் இருக்கிறது. சூரியன் நகர்வதை நம் வீட்டுச் சுவர் காட்டுகிறது என்பதை அவன் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டான். நாங்கள் மூவரும் காலையில் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்து நிற்பது திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் இதுதான் முதன்முறை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. சென்ற சனிக்கிழமை இரவு பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடிச் செல்லும் தன்னார்வலர்களோடு நாங்களும் நடந்தோம். பங்குனி ஆமை என்று அதற்குப் பெயர். சனவரி முதல் மார்ச்வரை கரையேறி முட்டையிடுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஈரமணலில் துடுப்பு போட்டாற்போல் இருபுறமும் தடம் தெரிந்தது. தாய் போய்விட்டிருந்தது. குழியைக் கண்டுபிடித்துக் கையால் மெல்லத் தோண்டியபோது, மேசைப்பந்து போன்ற வெள்ளை முட்டைகள் இருந்தன. பாதுகாப்பான பொரிப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றரை மாதத்துக்குமேல் ஆகுமாம் பொரிப்பதற்கு. மகன் வீட்டுக்கு வந்ததும் தன் சுவர்க் கோடுகளை எண்ணி, அந்தக் குஞ்சுகள் வெளியே வரும் நாளில் வெளிச்சம் எங்கே விழும் என்று கேட்டான். அலமாரிவரை போய்விடும் என்று நினைக்கிறோம்.

எங்களுக்கென்று ஒரு மரம் இல்லை என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வேம்பின் உச்சி தெரிகிறது. இரண்டு வாரமாக அது மொட்டையாகிக்கொண்டே வருவதை இப்போதுதான் பார்த்தேன்.

பழைய ஆசிரியர் | மாசி 14, காலை 5.40

இன்று சிவராத்திரி. இந்த நாளோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பது என் தாயார் வாக்கு. திருச்சியில் இன்று காலை புல்லில் பனி இருந்தது; ஆனால் ஆறரைக்குள் உலர்ந்துவிட்டது. தை நடுவில் எட்டு மணிவரை நின்ற பனி இது. நேற்று விடியலில் இந்த ஆண்டின் முதல் குயில் கூவியது. கூவுவது ஆண்குயில் என்பதை என் பேத்திக்குச் சொல்ல, அப்படியானால் பெண்குயில் என்ன சொல்லும் என்று கேட்டாள். காத்திருந்து கேட்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

நாலாம்மாடி அம்மாவுக்கு: வேம்பு மொட்டையாக நிற்பது சில நாள்களே. தளிர் செம்பு நிறத்தில் வரும், விட்டுவிடாதீர்கள். பச்சையம் முழுமையாக உருவாவதற்குமுன் சிவப்பு நிறமி மேலோங்கியிருப்பதால் அந்த நிறம். ஒரு வாரத்தில் பச்சையாகிவிடும்.

குந்தாமலை | மாசி 17, இரவு 7.30

தகடூரான் அண்ணனின் பதிவைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, குளிர் போனால் என்ன, நமக்கும் உடைக்கவும் உரிக்கவும் ஏதாவது இருக்கும் என்று சொன்னார். தோட்டத்தில் பட்டாணி முற்றியிருந்தது. நேற்று மாலை ஒரு கூடை பறித்து வந்து வாசலில் கொட்டினேன். யாரையும் கூப்பிடவில்லை. முதலில் அண்ணன் மகள் வந்தாள், பிறகு சித்தப்பா, அவரைத் தேடி அப்பா. எட்டு மணிவரை உரித்தோம். அடுப்பு உள்ளே தனியாக எரிந்துகொண்டிருந்தது. அவலாஞ்சிப் பக்கம் காட்டுப்பூவரசு இன்னும் சிவப்பாகப் பூத்திருக்கிறது என்று சித்தப்பா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாட்டியை அழைத்துப்போய்க் காட்டுவதாக அப்பா ஒப்புக்கொண்டார்.

பாமணிக்கரை | மாசி 28, காலை 7.55

இன்று மாசிமகம். கணவரும் மகளும் விடியலுக்கு முன்பே கும்பகோணத்துக்குக் கிளம்பிப் போனார்கள். வீட்டில் நானும் அப்பாவும்தான்.

ஆறு மணிக்கு எழுந்து அவர் அறைக்குப் போனேன். கட்டில் காலியாக இருந்தது. ஒரு கணம் அடிவயிறு கலங்கிவிட்டது. ரேழியைக் கடந்து வாசலுக்கு ஓடினேன். திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். பால்காரர் மணியடித்தபோது வந்ததாகச் சொன்னார். அப்படியானால் ஐந்தரைக்குமுன். தோளில் துண்டு மட்டும்தான். எதிர்வீட்டுப் பெரியப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. “அவனை இன்னைக்கு நான் முந்திட்டேன்” என்று சொல்லிச் சிரித்தார். மூச்சு இரைக்கவில்லை. நான் காதை அருகில் வைத்துக் கேட்டேன்.

காபி போட்டுக் கொடுத்துவிட்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேம்பு முழுவதும் செம்பு நிறத்தில் தளிர்த்து, அடிக்கிளைகளில் பச்சைக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. அணில் ஒன்று மாமரத்திலிருந்து வடு ஒன்றைக் கடித்துத் தள்ளியது, அது ஓட்டில் விழுந்து உருண்டு எங்கள் காலடிக்கு வந்தது. அப்பா அதை எடுத்துத் துண்டில் துடைத்து, காம்பை முகர்ந்துவிட்டு, “அடுத்த வாரம் ஊறுகாய்க்குப் பொறுக்கலாம், உங்க அம்மா ஜாடி மச்சுல இருக்கும் பாரு” என்றார். அம்மா போனபின் வடு போட்டதில்லை. ஜாடியைத் தேடி எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்திருக்கிறேன்.

நாள்காட்டித் தாளில் 5.30 என்று எழுதினேன். அவருடைய கம்பளியைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். மாலையில் காய்ந்ததும், உதிர்ந்த வேப்பிலையில் இரண்டு கைப்பிடி நடுவில் வைத்து மடித்துப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். அதற்கென்றே ஒரு முறம் இலையைப் பெருக்கித் தள்ளாமல் நிழலில் உலர்த்தி வைத்திருந்தேன்.